அவள் கொண்டு வந்த பொருள்

இலண்டன் மாநகரின் வாட்டர்லூ புகைவண்டி நிலையம். 1870களில் ஒரு நாள். கூட்ட நெரிசலிலே ஒரு சீமாட்டியின் பணப்பையைப் பறித்தான் ஒரு திருடன், பிடிபட்டான், வழக்கு எழுதப்பட்டது. பறிகொடுத்தவர் மில்லிசென்ட் ஃபாசெட். பையில் இருந்த தொகை 1 பவுன், 18 ஷில்லிங், 6 பென்ஸ். இதுவரை எல்லாம் சரி. அடுத்த வரியில்தான் சட்டம் தன் முகத்தைக் காட்டிற்று. களவு போன பை எவருடைய உடைமை? ஹென்றி ஃபாசெட்டின் உடைமை என்று எழுதியிருந்தது! பையைச் சுமந்தவள் அவள். பணத்தைப் போட்டு வைத்தவள் அவள். கூச்சலிட்டவளும் அவளே. உடைமையாளரோ, அந்த நிலையத்திலே இல்லாத அவள் கணவர். அந்த வரியைக் கண்டபோது, திருட்டுக் குற்றம் தன்மீதே சாட்டப்பட்டது போல் இருந்ததாகப் பிற்காலத்தில் அம்மையார் நினைவுகூர்ந்தார்.

ஹென்றி ஃபாசெட் கொடியவரா? இல்லை. கண்ணொளி இழந்தும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே பொருளாதாரப் பேராசிரியராய் விளங்கியவர். இந்திய நாட்டு ஏழைகளின் வரிப்பணம் எவ்வாறு செலவாகிறது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலே விடாது கேட்டு, 'இந்தியாவின் உறுப்பினர்' எனப் பெயர் பெற்றவர். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று வாதாடியவரும்கூட. நல்லவரை மணந்த நங்கையின் நிலையே இது என்றால், கயவனிடம் சிக்கிய காரிகையின் கதி என்ன? அதைச் சொல்லத்தான் இந்த வரலாறு.

கணவனும் மனைவியும் ஒருவரே என்றது ஆங்கிலப் பொதுச் சட்டம். கேட்க எவ்வளவு இனிமை! ஈருடல் ஓருயிர் என்று நம் நாட்டிலும் பாடத்தான் செய்கிறார்கள். ஆனால், புலவன் பாடினால் அது கற்பனை. நீதிபதி எழுதினால் அது கணக்கு. இருவரும் ஒருவர் என்றால், அந்த ஒருவர் யார்? கணவன்! 1765இல் தம் பெரிய சட்ட விளக்க நூலை வெளியிடத் தொடங்கிய பிளாக்ஸ்டன், மணமான பெண்ணின் தனி இருப்பு திருமணக் காலம் முழுவதும் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று விளக்கினார். அதோடு விட்டாரா? இவையெல்லாம் பெண்ணின் நன்மைக்காகவே, ஆங்கிலச் சட்டத்துக்குப் பெண்ணிடம் அவ்வளவு பரிவு என்று பெருமையும் பேசினார். கூண்டைச் செய்தவன், பறவைக்கு மழை படாதிருக்கச் செய்தேன் என்று கூறுவதில்லையா, அதுபோல!

மோதிரம் விரலேறிய அந்தக் கணமே அவளுடைய ரொக்கம், நகை, கால்நடை, தட்டுமுட்டுச் சாமான் அனைத்தும் அவனுடையவை ஆகும். கேட்டு வாங்க வேண்டியதில்லை. எழுதித் தரவும் வேண்டியதில்லை. நிலம் மட்டும் பெயரளவில் அவளுடையதாக நிற்கும். அதன் வாரமும் வாடகையும் அவன் கைக்கே போகும். அவர்களுக்கு ஒரு பிள்ளை உயிருடன் பிறந்துவிட்டால் போதும், அவள் இறந்த பிறகும் தன் ஆயுள் உள்ளவரை அவன் அந்த நிலத்தை அனுபவிக்கலாம். அவன் ஒப்புதல் இல்லாமல் அவளால் உயில் எழுத முடியாது. மணவிலக்கின்போது, மணத்துக்கு முன்பே இருந்த சொத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி அந்நாளிலே எழவே இல்லை. பங்கிடுவதற்கு இருவர் வேண்டுமே!

செல்வர்கள் மட்டும் இதற்கொரு சந்து கண்டுபிடித்தனர். மகளுக்குக் கொடுக்கும் பொருளை மகளிடம் கொடாமல், டிரஸ்டிகளிடம் ஒப்படைத்துச் சாசனம் எழுதுவர். வருமானம் அவளுடைய தனி உபயோகத்துக்கு, கணவன் தொடலாகாது. இதைச் சான்சரி நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தந்தை தன் பொருளைக் காக்க விரும்பினான். மகளுக்குப் பயன் அதன் வழியாகக் கிட்டிற்று. வக்கீலுக்கும் சாசனத்துக்கும் பணமில்லாத வீட்டுப் பெண்ணுக்கோ, பொதுச் சட்டமே விதி.

அந்தச் சாசனங்களிலே ஒன்றுக்கு ஒரு கதை உண்டு. நாடகம் எழுதுவோர் அஞ்சி விட்டுவிடக்கூடிய அளவு நம்பமுடியாத கதை. ஆனால் நீதிமன்ற ஏட்டிலே பதிந்து கிடக்கும் உண்மை.

டர்ஹாம் மாவட்டத்து நிலக்கரிச் செல்வர் ஜார்ஜ் போஸின் ஒரே மகள் மேரி எலினார் போஸ். 1749இல் பிறந்தவள். பதினோரு வயதில் தந்தையை இழந்து, இங்கிலாந்தின் மிகப் பெரும் செல்வங்களில் ஒன்றுக்கு வாரிசானாள். மகளை மணப்பவன் போஸ் என்ற குடிப்பெயரைத் தானும் சூடிக்கொள்ள வேண்டும் என்பது தந்தையின் கட்டளை. 1767இல் அவளை மணந்த ஸ்ட்ராத்மோர் பிரபுவும் அவ்வாறே பெயரை மாற்றிக்கொண்டார். ஆணின் பெயர் மாறிற்று, ஆட்சி மாறிற்றா? இல்லை. 1776இல் பிரபு இறந்தார். விதவையானதும் மேரி எலினார் மீண்டும் தன் பொருளுக்குத் தானே உரியவள் ஆனாள். கணவன் உயிருடன் இருந்தபோது இல்லாத உரிமை, அவன் சவப்பெட்டி மூடப்பட்டதும் திரும்பி வந்தது!

ஜார்ஜ் கிரே என்பவரை அடுத்து மணப்பதாக இருந்தாள். பட்டறிவு இருந்ததால், 1777 சனவரியில் தன் சொத்தைத் தன் கையிலேயே நிறுத்தும் சாசனம் ஒன்றை எழுதி வைத்தாள். கிரேக்கும் அது தெரியும். இந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தான் ஆண்ட்ரூ ராபின்சன் ஸ்டோனி. அயர்லாந்துக்காரன்; படையிலே லெப்டினன்ட் பதவி, அதுவும் அரைச் சம்பளத்தில். ஏற்கெனவே ஒரு செல்வர் வீட்டுப் பெண்ணை மணந்து அவளைப் புதைத்தவன். சீமாட்டியை இழிவுபடுத்தும் செய்திகள் 'மார்னிங் போஸ்ட்' இதழில் வெளிவந்தன. எழுதி அனுப்பியவர்களில் இவனும் ஒருவன்! பிறகு, அந்தச் சீமாட்டியின் மானத்தைக் காக்கப் போவதாகப் பறைசாற்றி, அந்த இதழின் ஆசிரியரையே வாட்போருக்கு அழைத்தான். போர் நடந்ததாம், மரண காயமாம், மருத்துவர் கைவிரித்தாராம். எனக்காக உயிர் துறக்கும் வீரனின் கடைசி விருப்பத்தை மறுப்பேனா என்று உருகினாள் அவள். 1777 சனவரி 17ஆம் நாள், பிக்காடிலி செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தனர், மணம் முடிந்தது. பின்னர் அவன் எழுந்து நடமாடினான் — முப்பது ஆண்டுகளுக்கு மேலாக!

மணமான பிறகுதான் சாசனத்தைப் பற்றி அறிந்தான். கையில் வந்த கரும்பு இனிக்கவில்லை என்றால் கயவன் என்ன செய்வான்? பிழிந்தான். அடித்தான், பூட்டி வைத்தான், உடைக்கும் உணவுக்கும் கணக்குக் கேட்டான். அவ்வாண்டு மே மாதத்திலேயே, சாசனத்தை ரத்துச் செய்யும் பத்திரத்தில் அவள் கையொப்பம் ஏறிற்று. அவளுடைய தோப்புகள் வெட்டுண்டு மரக்கடைக்குப் போயின. அவளுடைய பணத்தைக் கொண்டே அவன் பாராளுமன்ற உறுப்பினனும் ஆனான். எட்டு ஆண்டுகள் இப்படி. 1785இல் பணிப்பெண்களின் துணையோடு அவள் வீட்டை விட்டு வெளியேறினாள். மணவிலக்குக் கோரியும், ரத்துப் பத்திரம் செல்லாது என்று கோரியும் வழக்குகள் தொடுத்தாள். அந்தப் பணிப்பெண்களின் துணிவு இல்லையேல் இந்த வழக்கே இல்லை என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும்.

வழக்கு நடந்துகொண்டிருந்த 1786 நவம்பரில், பட்டப்பகலில் இலண்டன் ஆக்ஸ்போர்டு வீதியில் அவளைக் கூலியாட்களைக் கொண்டு கடத்தினான். வடக்கே டர்ஹாமுக்குக் கொண்டு போய், பனியிலும் குளிரிலும் குதிரைமீது இழுத்தலைத்து, வழக்கை விட்டுவிடு, மனைவியாகத் திரும்பி வா என்று மிரட்டினான். அவள் இசையவில்லை. ஏறத்தாழ எட்டு நாட்களுக்குப் பின் மீட்கப்பட்டாள். அவனுக்கு மூன்றாண்டுச் சிறை.

தீர்ப்பைப் பாருங்கள். அடித்து உதைத்து வாங்கிய ரத்துப் பத்திரம் செல்லாது என்று ஜூரிகள் கூறினர். ஆனால், மூல சாசனம் செல்லுமா? இங்குதான் சிக்கல். மணக்கப் போகிறவனிடம் சொல்லாமல் ஒரு பெண் தன் பொருளைத் தனியே ஒதுக்கி வைத்தால், அது வருங்காலக் கணவனின் உரிமைக்குச் செய்த மோசடி என்பது அந்நாளைய சட்டக் கொள்கை! தன் பெட்டியைத் தானே பூட்டினால் அது களவு. கிரேயை மணக்க எண்ணிய காலத்தில், கிரே அறிய எழுதப்பட்ட சாசனம் என்பதால், ஸ்டோனி ஏமாற்றப்பட்டதாகக் கூற முடியாது என்று 1788இல் நீதிபதி புல்லர் முடிவு செய்தார். 1789இல் லார்ட் சான்சலர் தர்லோ அதை உறுதி செய்தார். அதே ஆண்டில் மணப் பிரிவினைத் தீர்ப்பும் உறுதியாயிற்று. சீமாட்டி தன் சொத்துடன் வெளியே வந்தாள். ஒரு நொடி எண்ணிப் பாருங்கள்: அந்தச் சாசனத்தை ஸ்டோனியையே மனத்தில் வைத்து, அவனுக்குத் தெரியாமல் எழுதியிருந்தால்? போலிக் காயம் காட்டி மணந்த அந்தப் பொய்யன், நான் ஏமாற்றப்பட்டேன் என்று வாதாட வழி இருந்திருக்கும்! அவளைக் காத்தது நீதி என்பதைவிட, தேதி என்பதே பொருத்தம். 1800இல் அவள் மறைந்தாள். ஸ்டோனியின் வாழ்க்கையே தாக்கரே எழுதிய 'பேரி லிண்டன்' நாவலுக்குக் கருவாயிற்று.

பிறப்பிலேயே செல்வம் இருந்தவளின் கதை அது. எழுதிச் சம்பாதித்தவளின் கதை வேறு.

நாடகப் பேராசான் ஷெரிடனின் பேத்தி கரோலின் நார்ட்டன். கவிதையும் கதையும் எழுதிக் குடும்பத்துக்குப் பொருள் ஈட்டியவள். கணவர் ஜார்ஜ் நார்ட்டன் வழக்கறிஞர். வருமானமோ சொற்பம், கோபமோ அளவற்றது. 1836இல், தன் மனைவியுடன் தகாத உறவு என்று குற்றம் சாட்டிப் பிரதமர் மெல்போர்ன் பிரபுவிடமே 10,000 பவுன் நட்டஈடு கேட்டார். ஜூரிகள் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளினர். குற்றமற்றவள் என்று தீர்ந்தது. அதனாலேயே மணவிலக்கும் இல்லை என்றாயிற்று! மூன்று மக்களையும் தந்தை எடுத்துக்கொண்டார். வாழ்வது பிரிந்து, சட்டத்தின் கண்ணில் இன்னும் ஒருவர். பின்னர் ஆண்டுக்கு 500 பவுன் தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமும் இட்டார். கரோலினின் தாய் இறந்து ஆண்டுக்கு 480 பவுன் வருவாய் மகளுக்குக் கிட்டியதும், பணம் தருவதை நிறுத்தினார். ஒப்பந்தம் இருக்கிறதே என்றாள் அவள். கணவனும் மனைவியும் ஒருவர்; ஒருவன் தன்னோடு தானே ஒப்பந்தம் செய்துகொள்ள இயலாது; ஆகவே அந்தக் காகிதம் வெற்றுக் காகிதம். 1853இல் நீதிமன்றத்தில் நடந்த இந்த விசாரணையின்போது, அவளுடைய பதிப்பாளர்களின் கணக்கையும் கணவர் தரப்பில் கேட்டனர். அவளுடைய பேனா மையும் அவருடையதுதானே!

அவள் அழுது அடங்கவில்லை. 1854இலும் 1855இலும் சட்டத்தின் கொடுமையை விளக்கி எழுதினாள். 1855இல் வெளியிட்டது அரசிக்கே விடுத்த கடிதம். விக்டோரியா என்ற பெண் அரியணையில் அமர்ந்திருக்கும் நாட்டில், மணமான பெண்ணொருத்திக்குத் தன் காலணியும் சொந்தமில்லை! அதே நேரத்தில் பார்பரா லீ ஸ்மித் என்ற இளம்பெண், பெண்களைப் பற்றிய சட்டங்களை எளிய நடையில் தொகுத்துச் சிறு வெளியீடாகப் பரப்பினாள். 1856இல் சுமார் 26,000 கையொப்பங்களுடன் விண்ணப்பம் பாராளுமன்றம் சென்றது. கையொப்பமிட்டோரில் எலிசபெத் பாரெட் பிரௌனிங்கும் எலிசபெத் காஸ்கெல்லும் இருந்தனர்.

மறு ஆண்டு வந்தது மணவிலக்குச் சட்டம். அதற்கு முன், முழு மணவிலக்கு வேண்டுமென்றால் பாராளுமன்றத்திலே தனிச் சட்டம் இயற்ற வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான காலத்தில் அப்படி மணவிலக்குப் பெற்றோர் 300க்குச் சற்று மேல். அவர்களில் பெண்கள் நால்வர்! 1857ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாயிலை அகலப்படுத்தியது உண்மை. கைவிடப்பட்ட மனைவி பின்னர் ஈட்டுவதைக் கணவன் பறிக்காதபடி தடையும் செய்தது. ஆனால், அதன் ஒரு பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. மனைவியின் ஒழுக்கக்கேட்டால் மணம் முறிந்தால், அவளுக்குள்ள சொத்திலிருந்து கணவனுக்கும் மக்களுக்கும் ஒதுக்கித் தர நீதிமன்றம் ஆணையிடலாம். கணவன் தவறினாலோ, அந்த ஒரு தவறு மட்டும் காட்டி அவள் மணவிலக்கே கேட்க முடியாது. கொடுமை, கைவிடல் என்று இன்னொன்றும் சேர வேண்டும். அவளுடைய பொருள், அவளுடைய நடத்தைக்கு ஈடு வைக்கப்பட்டது!

1870இல் ஒரு சட்டம்: மனைவி உழைத்து ஈட்டியதும், வாரிசாகப் பெறும் 200 பவுனுக்கு உட்பட்ட தொகையும் அவளுடையவை. அரைகுறை ஏற்பாடு. எலிசபெத் வோல்ஸ்டன்ஹோம் எல்மி போன்ற பெண்மணிகள் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்து பாடுபட்டதன் பயன்தான் 1882ஆம் ஆண்டுச் சட்டம். 1883 சனவரி 1 முதல், மணக்கும் பெண் மணத்துக்கு முன் பெற்றிருந்த பொருளும், பின்னர் பெறும் பொருளும் அவளுடைய தனி உடைமை. சீமாட்டிகளுக்கு மட்டும் சாசனம் தந்த பாதுகாப்பு, சலவைத் தொழிலாளிக்கும் தையற்காரிக்கும் கிடைத்தது. மாபெரும் வெற்றி என்பதில் ஐயம் உண்டோ!

எனினும், வேலி என்பது இருபுறமும் தடுக்கும். அவளுடையது அவளுக்கு என்றால், அவனுடையது அவனுக்கு. கொண்டு வந்த பொருள் உடையவளை அந்த வேலி காத்தது. கையை மட்டும் கொண்டு வந்தவளுக்கு என்ன காத்தது? இருபது ஆண்டுகள் சமைத்து, துவைத்து, பெற்று, வளர்த்து, நோயில் விழித்திருந்தவளின் கணக்கேட்டில் சொத்து என்று எழுத ஒன்றுமில்லை. 1943இல் பிளாக்வெல் என்ற வழக்கு வந்தது. வீட்டுச் செலவுக்குக் கணவன் தந்த பணத்தில், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 103 பவுன் 10 ஷில்லிங் மிச்சம் பிடித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டு வைத்திருந்தாள் ஒரு மனைவி. பிரிந்த பிறகு, அந்தத் தொகை எவருக்கு? கணவனுக்கே என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பணம் அவன் கொடுத்தது. மிச்சம் பிடித்த அவளுடைய அறிவுக்கும் அரைப்பட்டினிக்கும் விலை இல்லை. அஞ்சறைப் பெட்டியிலே ஓரணா, இரண்டணா முடிந்து வைக்கும் நம் வீட்டுத் தாய்மாருக்கு இந்த வழக்கைச் சொல்லிப் பாருங்கள். நீதிபதிகளைப் பற்றி அவர்கள் கூறுவதை இந்த ஏட்டில் அச்சிட முடியாது. அதில் பாதியாவது மனைவிக்கு உரியது என்று சட்டம் வர, 1964 ஆயிற்று. அதற்குப் பாடுபட்டவர் மருத்துவரும் தொழிற்கட்சிக்காரருமான எடித் சம்மர்ஸ்கில் அம்மையார்.

1970ஆம் ஆண்டுச் சட்டமும், அதைத் தொகுத்த 1973ஆம் ஆண்டுச் சட்டமும் வேலியிலே வாயில் வைத்தன. மணவிலக்கின்போது எவர் பெயரில் இருந்தாலும் சொத்தை மாற்றித் தரலாம். இல்லத்தைப் பேணியதும் மக்களை வளர்த்ததும் பங்களிப்பே என்று எழுதப்பட்டது. எழுதப்பட்டதே தவிர, நெடுங்காலம் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அல்லது அவளுடைய நியாயமான தேவைக்கு ஏற்ற தொகை என்றே நீதிபதிகள் அளந்தனர். கணவன் பெற்றால் உரிமை. மனைவி பெற்றால் தேவை! 2000 அக்டோபரில் வந்த ஒயிட் வழக்கிலேதான் பிரபுக்கள் சபை அந்த அளவுகோலை முறித்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் இணையாக உழவும் பண்ணையும் நடத்திய தம்பதி. மொத்தச் சொத்து சுமார் 46 இலட்சம் பவுன். ஈட்டியவருக்கும் இல்லம் பேணியவருக்கும் வேற்றுமை காட்டலாகாது. சமம் என்ற உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்றார் நிக்கல்ஸ் பிரபு. ஆனாலும் அந்த மனைவிக்குக் கிடைத்தது பாதியன்று. சுமார் 15 இலட்சம் பவுன். பண்ணை வாங்கக் கணவனின் தந்தை உதவினார் என்பதும் கணக்கில் வந்தது. பாதி என்ற பேச்சு எழுந்த அன்றே, எதில் பாதி என்ற பழைய கேள்வியும் எழுந்தது.

2006இல் மில்லர், மக்ஃபார்லேன் வழக்குகளில் நீதிபதிகள் ஒரு கோடு கிழித்தனர்: மண வாழ்வில் தேடிய பொருள் வேறு; முன்பே கொண்டு வந்த பொருள், மரபு வழி வந்த பொருள் வேறு. 2025 சூலை 2ஆம் நாள் ஸ்டாண்டிஷ் வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டைச் சுவராகவே எழுப்பிற்று. மணத்துக்கு முன் கணவர் சேர்த்திருந்த செல்வத்தின் பெரும்பகுதி. வரித் திட்டத்துக்காக 2017இல் மனைவியின் பெயருக்கு அவர் மாற்றிய 7 கோடியே 78 இலட்சம் பவுன். மனைவியின் பெயரில் இருந்தும் அதன் பெரும்பகுதி பங்கீட்டுக்கு உரியதன்று என்றாயிற்று. முதலில் 4 கோடியே 50 இலட்சம் பவுன் என்றிருந்த அவருடைய பங்கு 2 கோடியே 50 இலட்சமாகக் குறைந்தது நிலைத்தது. கோடிகளுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. தேவை என்று ஒன்று மெய்ப்பிக்கப்பட்டால் நீதிமன்றம் இன்னமும் பழைய பொருளைத் தொடலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். என் கவலை வேறு. பெண்ணின் பொருளை ஆண் விழுங்காதிருக்க எழுந்த அந்த வேலிக்குள் இப்போது நிற்பவர் யார்? மணமேடைக்கு வருமுன்பே பொருள் உடையவர். இன்றும் அவர் பெரும்பாலும் ஆண். 2010இல் ராட்மாகர் வழக்கில், மணத்துக்கு முன் எழுதும் ஒப்பந்தத்துக்கு உச்ச நீதிமன்றம் மதிப்பளித்தபோது, அங்கே செல்வர் மனைவி, வாதாடியவர் கணவர். ஆயினும் ஒன்பது நீதிபதிகளில் மாறுபட்டு எழுதியவர் ஒருவரே. அந்த ஒருவர், அமர்வில் இருந்த ஒரே பெண், ஹேல் சீமாட்டி. இத்தகைய ஒப்பந்தங்களின் நோக்கம் பொருளில் எளியவருக்குக் கிடைக்கக்கூடியதை மறுப்பதே என்றும், அதில் ஆண், பெண் என்ற பரிமாணம் உண்டு என்றும் அவர் எழுதினார்.

பிரபுக்கள் சபை 2006இல் கண்ட வேற்றுமைக்குத் தமிழிலே முன்பே பெயர் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை டச்சுக்காரரான கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார், அதுதான் தேசவழமை. முன்னோர் வழி வந்தது முதுசொம். மகளுக்குக் கொடுத்தது சீதனம். இருவரும் கூடி வாழ்ந்து சேர்த்தது தேடியதேட்டம். தேடியதேட்டம் இருவருக்கும் பொது. தேடினோர் இருவர் என்று அந்தச் சொல்லே ஒப்புக்கொள்கிறது! சொல் உயர்ந்தது, செயல்? சீதனம் அவளுடையதே என்று கூறிய அதே நாட்டில், 1911ஆம் ஆண்டுச் சட்டம், மனைவி தன் தனி நிலத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும் என்றும், அவன் காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்றும் விதித்தது. உடைமை அவளிடம், சாவி அவனிடம்.

நம் நாட்டு நிலை என்ன? இங்கிலாந்தைப் பார்த்து 1874இல் இந்தியாவிலும் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் பிறந்தது. பிறந்தபோதே, இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, ஜைனப் பெண்களுக்கு இது பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். எஞ்சியோர் எத்தனை பேர்? 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் எனத் தீர்மானித்தது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மணவிலக்கைத் தந்தது. ஆனால் சொத்தைப் பற்றி அது பேசுவது 27ஆம் பிரிவில் மட்டுமே: மணத்தின்போது அல்லது அதையொட்டி அன்பளிப்பாக வந்து, இருவருக்கும் பொதுவாக உரியவை. குத்துவிளக்கு, கட்டில், பீரோ, வெள்ளித் தட்டு! முப்பதாண்டு உழைப்பில் எழுந்த வீடு அந்தப் பட்டியலில் வராது. அவள் கொண்டு வந்த நகை அவளுடையதே, கணவன் அதற்குப் பொறுப்பாளன் மட்டுமே என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. கொண்டு வந்தது சரி, கூடித் தேடியது? அரபிக் கடலோரக் கோவாவிலோ, போர்ச்சுகல் நாட்டின் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் மரபால், வேறு ஒப்பந்தம் எழுதாத தம்பதியின் சொத்து முழுவதும், முன்பே இருந்தது உட்பட, இருவருக்கும் பாதி பாதி. 2023 சூனில், மணவிலக்கு பற்றியதல்லாத வேறொரு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்வதற்குக் காரணமே, ஆகவே அவளுக்கும் சம பங்கு என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியது.

சட்டமாகவே வரும் வாய்ப்பு ஒருமுறை நெருங்கி வந்ததுண்டு. மணவிலக்குப் பெறும் மனைவிக்குக் கணவனின் வீடு, நிலங்களில் பங்கு அளிக்கவும், அந்தப் பங்கின் அளவை முடிவு செய்கையில் அவனுக்கு மரபு வழி வந்த சொத்தின் மதிப்பையும் கருதவும் வழி செய்த மசோதா, 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவைக்குப் போனது. 2014இல் அந்த மக்களவையின் ஆயுள் முடிந்தது; மசோதாவும் அதனுடன் காலாவதியாயிற்று.